இருநூறு வருஷத்து ரொட்டி

குரங்கணி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் மாமாவுக்கு முழங்கால்வலி மட்டும், பனி போன பிறகும் போக மனசில்லாமல் இருக்கிறது. போன வாரம் உங்கப்பன் வந்தான். நீ ஓட்டல் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கடை போடப்போகிறாய் என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திட்டுவேன், அதைச் சாக்காக வைத்து உன்னைத் தடுக்கலாம் என்று நினைத்தான் போல. நான் ஏன் திட்டுகிறேன்? சனி, ஞாயிறு ஆனால் எத்தனை வண்டி வருகிறது! வருகிறவர்கள் பொட்டலத்து நூடுல்ஸைத் தின்றுவிட்டுப் போகிறார்கள். ஒருத்தி நல்ல சாப்பாடு போட்டால் ஊருக்குப் பெருமைதான்.

பலகைப் படமும் வந்தது. எழுத்து அழகாக இருக்கிறது. ‘குரங்கணி மக்காச்சோள ரொட்டி. 200 ஆண்டு குடும்பச் செய்முறை. அப்பத்தா கைப்பக்குவம்.’ கூடவே, அந்தச் செய்முறையை கிராம் கணக்கில் எழுதி அனுப்பச் சொல்லி எனக்கு ஒரு உத்தரவு. போனில் பேசினால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், நான் பாதியில் கோபித்துக்கொள்வேன். அதனால்தான் காகிதம்.

அப்பத்தா கைப்பக்குவம் என்பதைத் தவிர அந்தப் பலகையில் ஒன்றும் நிஜமில்லை, ஆத்தா.

200 வருஷத்துக்கு முன்னால் நம் ஆட்கள் இந்த ஊரிலேயே இல்லை. மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இந்தப் பள்ளத்துக்கு இறங்கிய காலத்தில், பெட்டி தூக்க வந்தவர் உன் பூட்டன். அந்தப் பெட்டிகளைக் கொண்டுவர மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-ல் அது இன்ஜின் ரயில் ஆனது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. நம் குடும்பத்தின் மலை வயசு அவ்வளவுதான், நூற்றுச் சொச்சம். அதற்கு முன்பிருந்தே இங்கே இருப்பவர்கள் முதுவர்கள். அவர்களும் தாங்கள் மதுரையிலிருந்து சாமியையும் பிள்ளைகளையும் முதுகில் கட்டிக்கொண்டு மலையேறியதாகத்தான் சொல்கிறார்கள்.

மக்காச்சோளம் அதைவிடப் புது ஆள். அதற்குப் பிறந்த வீடு மெக்சிகோ. கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் கடல் தாண்டியது. நம் நாட்டுக்குப் போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தார்கள். மெக்கா வழியாக வந்தது என்று யாரோ நினைத்து இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். இதில் நாம் மட்டும் ஏமாறவில்லை. இத்தாலிக்காரர்கள் இதைத் துருக்கித் தானியம் என்றார்கள். துருக்கியிலோ எகிப்துக்கு என்ன பெயரோ அதே பெயரைத்தான் இதற்கும் வைத்திருக்கிறார்கள். எந்த ஊரும் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளாத தானியத்தை நீ மட்டும் 200 வருஷத்துக்குத் தத்தெடுக்கிறாய்!

நம் வீட்டில் சோளம் என்றால் இருங்குச் சோளம். கறுப்பும் சிவப்பும் கலந்த உமி, உள்ளே சின்ன மணி. வானம் பார்த்த காட்டில் ஆடியில் விதைத்தால் தையில் கதிர். கதிர் நமக்கு, தட்டை மாட்டுக்கு. அடுத்தது கேப்பை, அதுதான் கேழ்வரகு. சாமையும் தினையும் கொஞ்சம். மக்காச்சோளத்தை உன் தாத்தா விதைத்தது நான் சத்துணவு வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து. அதுவும் நாம் தின்ன இல்லை. லாரி வந்து மூட்டையாக அள்ளிக்கொண்டு நாமக்கல் கோழிப் பண்ணைக்குப் போனது. இன்றைக்கும் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் பெரும் பங்கைத் தின்பது கோழிதான்.

சரி, ரொட்டிக்கு வருகிறேன். உன் அப்பத்தா சோள ரொட்டி சுட்டதை நான் எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் நாளே சோளத்தில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் போட்டு உமி போகக் குத்துவாள். சொளகில் புடைத்து நிழலில் ஆறவிட்டுத் திருகையில் அரைப்பாள். மறுநாள் காலையில் ஈயச் சட்டியில் தண்ணீர் கொதிக்கும். அதில் உப்பு. தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை மாவின் நடுவில் குழி பண்ணி ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி மூடி வைப்பாள். கை பொறுக்கிற சூடு வந்ததும் பிசைய ஆரம்பிப்பாள். உள்ளங்கையின் அடிமேட்டை வைத்து முன்னால் தள்ளித் தள்ளி அழுத்துவாள். ஒரு உருண்டையை எடுத்துக் கட்டைவிரலால் லேசாக அமுக்கிப் பார்ப்பாள். ஓரம் வெடித்தால் இன்னொரு கை வெந்நீர். வெடிக்காமல் பள்ளம் மட்டும் விழுந்தால் பதம்.

அந்தக் கொதிநீர்தான் ரகசியம், வேறு ஒன்றும் இல்லை. நீ கேட்டரிங் படித்தவள், உனக்குத் தெரியும்: கோதுமையில் இருக்கிற குளூட்டன் சோளத்திலும் கிடையாது, கம்பிலும் கேப்பையிலும் மக்காச்சோளத்திலும் கிடையாது. பிடித்து இழுத்துக் கட்ட உள்ளே ஆள் இல்லை. கொதிநீர் பட்டதும் மாவில் கொஞ்சம் வெந்து கூழாகி, மீதி மாவை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே கிழியும். அப்பத்தா இதைப் படிக்கவில்லை. “பச்சத் தண்ணி ஊத்துனா அது அம்மா இல்லாத பிள்ளை மாதிரி சிதறிப் போகும்” என்பாள்.

அளவு கேட்டாயே. மாவு ஒரு டம்ளர் என்றால் தண்ணீர் முக்கால் டம்ளருக்குக் குறையாது, ஒரு டம்ளரைத் தாண்டாது. நடுவில் எங்கே நிற்பது என்பதை அன்றைய மாவுதான் சொல்லும். புதுச் சோளம் ஒரு மாதிரி குடிக்கும், ஒரு வருஷம் குதிரில் கிடந்தது வேறு மாதிரி குடிக்கும். இதை கிராமில் எழுதி நான் உன்னை ஏமாற்ற மாட்டேன். பத்து நாள் தினமும் நீயே பிசைந்து, தினமும் தராசில் வைத்து, நீயே எழுதிக்கொள். பதினோராம் நாள் உன் கணக்கு என் கணக்கைவிடச் சரியாக இருக்கும்.

தட்டுவதற்கு எண்ணெய் தடவிய வாழை இலைத் துண்டு. சுற்றிக்கொண்டே வந்து மூன்று விரலால் தட்டுவாள். நடுவில் கனம், ஓரம் மெலிசு. இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வாடியதும் உரித்து எடுப்பாள். அந்த வாசம் வரும்போதுதான் தம்பி, அதாவது உங்கப்பன், படுக்கையை விட்டு எழுந்திருப்பான்.

இதுதான் அசல், மற்றதெல்லாம் தப்பு என்று நான் சொல்வேன் என நினைக்காதே. எனக்குக் கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போன முதல் வாரமே அந்த எண்ணம் உடைந்தது. அவர்கள் கோவில்பட்டிக் கரிசக்காட்டிலிருந்து ஏலத் தோட்டத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்குச் சாமியே கம்புதான். நான் ஆசையாகச் சோள ரொட்டி சுட்டு வைத்தேன். மாமியார் ஒரு வாய் தின்றுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. மாட்டுக்கு வைக்கிறதுன்னு நெனச்சோம்” என்றார். நான் மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. நாலாம் நாள் அவர் கம்மஞ்சோறு பொங்கி, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு தந்தார். அதைத் தின்ற பிறகு கோபப்படத் தெம்பு இல்லை, தூக்கம்தான் வந்தது.

கம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள். கம்பு மாவு தங்காது. அதில் எண்ணெய்ப் பசை அதிகம். அரைத்தால் சில நாளில் காறல் ஏறிக் கசந்துவிடும். உன் மச்சினி கல்யாணத்துக்கு முன் கிருஷ்ணகிரியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்களே, நினைவிருக்கிறதா? நீ அப்போது பள்ளிக்கூடம். ஊர்ச் சாப்பாடு போட்டு அசத்தலாம் என்று நான் கம்பை இரண்டு வாரம் முன்பே அரைத்து டப்பாவில் அடைத்துவைத்திருந்தேன். கூட்டத்தில் ருசி பார்க்க மறந்துபோனேன். இருபது பேருக்குக் கம்பு அடை. சம்பந்தியம்மா பாவம், ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார், மெல்ல மென்றார், தண்ணீர் குடித்தார், பிறகு ‘தயிர்சாதம் இருக்குங்களா’ என்று கேட்டார். இன்றைக்கும் அந்த வீட்டில் என் பேச்சு வந்தால் கம்பு அடைதான் முதலில் வருமாம். கேப்பை அப்படி இல்லை. தானியமாக வைத்தால் வருஷக்கணக்கில் கிடக்கும், பூச்சியும் கிட்டே வராது. கடையில் எதை மூட்டையாக வாங்குவது, எதை வாரத்துக்கு இரண்டு படி அரைப்பது என்பதை இதிலிருந்து நீயே முடிவு பண்ணு.

மாவு மில்லுக்குப் போனால் உனக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்காமல் கொட்டாதே. மிளகாய் என்றால் வீட்டுக்கு வந்துவிடு.

அந்தக் கிருஷ்ணகிரி வீட்டுக் களியும் வேறு ஜாதி. நம் வீட்டில் கேப்பைக் களிக்கு அரிசி நொய் ஒரு பிடி முதலில் வேகும். மாவு ஒன்றுக்குத் தண்ணீர் இரண்டரை. துடுப்பால் கிண்டி, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்குவோம். அங்கே நொய் பேச்சே இல்லை, கெட்டியாகக் கிண்டி, பந்து மாதிரி உருட்டி, கர்நாடகத்து முத்தே போல மெல்லாமல் விழுங்குகிறார்கள். நான் மென்றதைப் பார்த்து மருமகன் வீட்டுக் குழந்தைகள் சிரித்தன. சத்துணவுப் பயிற்சிக்கு என்னோடு வந்த ஒரு அக்கா, இலங்கை மலையகத்துத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அவர் கேப்பையைக் குரக்கன் என்பார், ரொட்டி மாவில் தேங்காயைத் துருவிக் கொட்டுவார். எங்களுக்கு அது தின்பண்டமா சாப்பாடா என்றே புரியவில்லை. ஆனால் தட்டில் மிச்சம் இல்லை.

முதுவாக்குடியில் எனக்கு ஒரு தோழி உண்டு. அவர்கள் வீட்டில் களி என்று சொல்ல மாட்டார்கள், ‘கட்டி’ என்பார்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது கேப்பை மாவைக் குவியலாகக் கொட்டி, குச்சியால் நடுவில் துளை போட்டு, கொதி அதன் வழியே மேலே வர விட்டுவிடுவாள். அவசரமே கிடையாது. எங்கம்மா ஒரு ஈடு கிண்டி இறக்குகிற நேரத்துக்கு அவள் கிண்டவே ஆரம்பித்திருக்க மாட்டாள். சோம்பல் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒருநாள் டாப் ஸ்டேஷனில் ஒரு சொந்தக்கார வீட்டில் நானே களி கிண்டினேன். குரங்கணியில் கிண்டுகிற கணக்கில் இறக்கினால் உள்ளே பச்சை வாடை. என்னடா இது, என் கைக்கு என்ன வந்தது என்று திகைத்துப்போனேன். வாத்தியார் ஒருவர்தான் விளக்கினார்: டாப் ஸ்டேஷன் சுமார் 1,700 மீட்டர் உயரம்; அங்கே தண்ணீர் 100 டிகிரி வரை போகாமல் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், சூடு போதாது. மேலே போகப் போக நேரம் கூட வேண்டும். என் தோழியின் நிதானம் மலை சொல்லிக்கொடுத்தது. ஒரே கேப்பை, ஒரே பாத்திரம். மலைச்சரிவில் நீ எந்த இடத்தில் அடுப்பு மூட்டியிருக்கிறாய் என்பதைப் பொறுத்துச் செய்முறை மாறுகிறது. உன் கடையிலிருந்து கொழுக்குமலையில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கு மாவு கொடுத்தனுப்பும் யோசனை இருக்கிறதாமே. அவர்களுக்கு இதைச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் பழி உன் மாவுக்கு.

மலையேற விடுவது வனத்துறை கையில் இருக்கிறது. 2018 மார்ச் 11 காட்டுத்தீக்குப் பிறகு இந்த ஊரில் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரையும் மேலே அனுப்புகிற பேச்சுக்கே நீ போகக் கூடாது. அன்றைக்குத் தீயிலிருந்து இறக்கிக்கொண்டுவந்த பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்கு முடியாது.

நீ அமெரிக்காவைப் பற்றிச் சொன்னாய் அல்லவா, அங்கேயும் மக்காச்சோள ரொட்டிக்கு வடக்கு தெற்கு என்று வம்பு நடக்கிறதாக. வடக்கே மஞ்சள் மாவும் சர்க்கரையும் போட்டுக் கேக் மாதிரி. தெற்கே வெள்ளை மாவு, சர்க்கரை போட்டால் சண்டை, இரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பைக் காயவைத்து மாவை ஊற்றுவார்கள், சொய்ங் என்று சத்தம் வர வேண்டும். அதைக் கேட்டுவிட்டு உன் மாமாவிடம் சொன்னேன். “நம்ம ஊர்ல சாம்பாருக்கு வெல்லம் போடுறவன் போடாதவன் சண்டை மாதிரிதான்” என்றார். பஞ்சாபில் குளிர்காலத்துக்கு மக்காச்சோள ரொட்டி, கடுகுக்கீரை, மேலே வெண்ணெய். வடகர்நாடகத்தில் சோள ரொட்டியைக் கல்லில் போட்டதும் மேல்பக்கம் ஈரத்துணியால் தண்ணீர் தடவுகிறார்கள். நான் அதைச் செய்து பார்த்தேன். மேலே ஒட்டிய உலர்மாவு கரிவதில்லை, ரொட்டி பொம்மென்று உப்புகிறது. நம் வீட்டுப் பழக்கம் இல்லை, ஆனால் நல்ல பழக்கம், எடுத்துக்கொள். எங்கிருந்து எடுத்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லு, அவ்வளவுதான்.

இப்போது உன் மக்காச்சோள ரொட்டி. நம் குடும்பத்தில் அப்படி ஒன்று இருந்ததா என்றால், இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

1960-களின் கடைசியில் நான் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு நடந்துகொண்டிருந்தது. அதற்கு அமெரிக்காவிலிருந்து ‘கேர்’ என்கிற அமைப்பு பால் பவுடரும் கோதுமை ரவையும் மஞ்சள் மக்காச்சோள மாவும் அனுப்பியது. சாக்கில் இரண்டு கை குலுக்குகிற படம் போட்டிருக்கும். அந்த மஞ்சள் மாவில் உப்புமா கிண்டிப் போடுவார்கள். சிலருக்கு அந்த வாசமே ஆகாது, எனக்கு உயிர். உன் அப்பத்தா பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். கூலி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆயாம்மா காலிச் சாக்கை அவளிடம் கொடுத்துவிடுவார். அம்மா அதை வீட்டு வாசலில் பழைய சேலையை விரித்து அதன்மேல் உதறுவாள். தையல் ஓரத்திலிருந்தும் மூலையிலிருந்தும் ஒரு உழக்கு, சில நாள் ஒன்றரை உழக்கு மாவு விழும். சாக்கு துவைத்துத் தலையணை உறை ஆகும்.

அந்த மாவை முதலில் சோளம் மாதிரியே பிசைந்து தட்டினாள். கல்லில் போட்டதும் விரிசல் விட்டு நாலாக உடைந்தது. உடைந்ததைத் தின்றோம். அடுத்த தடவை தண்ணீரைக் கூடக் கொதிக்கவிட்டு, மாவை அடுப்பிலேயே கொட்டிக் களி மாதிரி ஒரு கிண்டு கிண்டி இறக்கிப் பிசைந்தாள். அப்படியும் ஓரம் பிளந்தது. மூன்றாம் தடவை முருங்கைக்கீரையை உருவிப்போட்டு, கைப்பிடி கேப்பை மாவு சேர்த்தாள். பிடித்துக்கொண்டது. மஞ்சளில் கறுப்பும் பச்சையுமாக ஒரு ரொட்டி. சாக்கு கிடைக்கிற நாளில் மட்டும் அது உண்டு. சாக்கு நின்றதும் ரொட்டியும் நின்றது. நம் குடும்பத்து மக்காச்சோள ரொட்டிக்கு வயசு கிட்டத்தட்ட 55. பிறந்த இடம் உதறிய சாக்கு. அமெரிக்காக்காரன் ரொட்டி சுடுகிற மாவில் இருங்குச் சோளக்காரி தன் கையைப் போட்டுச் செய்தது.

இதை ஏன் நாங்கள் உங்களுக்குச் சொல்லவில்லை என்றால், வெட்கம்தான். வேறு காரணம் இல்லை. உங்கப்பனுக்கு இன்றைக்கும் மஞ்சள் மாவைப் பார்த்தால் பிடிக்காது. அதற்குப் பிறகு ரேஷன் அரிசி வந்தது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து சும்மா. உரலும் திருகையும் கொல்லைக்குப் போயின. அரிசி வந்ததில் எனக்குக் குறை இல்லை. பசி தெரிந்தவள் அதைக் குறை சொல்ல மாட்டாள். 1982 ஜூலையில் சத்துணவு ஆரம்பித்ததிலிருந்து நான் அந்த அடுப்படியில் நின்றவள். வெள்ளைச் சோறு தட்டில் விழும்போது குழந்தைகள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள், தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நல்லது. ஆனால் பட்டணத்திலிருந்து காரில் வந்து, “பாட்டி, நீங்கெல்லாம் அந்தக் காலத்துல எவ்வளவு ஆரோக்கியமா சாப்பிட்டீங்க” என்கிறவர்களிடம் நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

அதனால் பலகையில் ‘சர்க்கரை நோய் தீரும்’, ‘மருந்து வேண்டாம்’ என்ற வரிகளையும் எழுதிவிடாதே. தானியம் ஒன்றையே நம்பியவர்கள் பட்ட பாடு உனக்குத் தெரிய வேண்டும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். அப்போதுதான் அதில் பூட்டிக் கிடக்கிற நியாசின் என்ற சத்து உடம்புக்குக் கிடைக்கும். தானியம் ஊர் ஊராகப் போனது, சுண்ணாம்புப் பழக்கம் கூடப் போகவில்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் மக்காச்சோளமே கதி என்று கிடந்த ஏழைகளுக்குப் பெல்லக்ரா வந்தது. வெயில் பட்ட தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பர்கர் என்ற அரசாங்க டாக்டர் 1914-லிருந்து பாடுபட்டு, இது சாப்பாட்டுக் குறை என்று காட்டினார். நம் நாட்டில் ஹைதராபாத் பக்கம் சோளமே மூன்று வேளையும் தின்ற ஏழைகளிடமும் அந்த நோய் இருந்தது, டாக்டர் சி. கோபாலனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1960 வாக்கில் அதைப்பற்றி எழுதினார்கள். அப்பத்தாவின் ரொட்டிக்குப் பக்கத்தில் கருவாட்டுக் குழம்போ மொச்சைக் குழம்போ இருந்தது. எது இல்லாவிட்டாலும் கீரை இருந்தது. நீ ரொட்டியை மட்டும் தட்டில் வைத்துத் தேன் ஊற்றிப் படம் எடுக்காதே. கூட ஒரு கீரையும் ஒரு பயறும் வை. விலையில் சேர்த்துக்கொள், தப்பில்லை.

என் தோழி வீட்டுக் ‘கட்டி’யைக் கடையில் போட ஆசைப்பட்டால், அவளைக் கேட்டுவிட்டுப் போடு. வந்து கிண்டித் தரச் சொன்னால் கூலி கொடு. முதுவர் படத்தைச் சுவரில் மாட்டி வியாபாரம் பண்ணுகிற வேலை நம் குடும்பத்துக்கு வேண்டாம்.

நான் சொல்கிறபடி பலகையை மாற்றி எழுதுவாயா? ‘சோள ரொட்டி, கேப்பைக் களி, மக்காச்சோள ரொட்டி’ என்று மூன்றும் இருக்கட்டும். கடைசி ரொட்டிக்குக் கீழே, ‘அப்பத்தா பள்ளிக்கூடச் சாக்கை உதறிய மாவில் செய்தது’ என்று ஒரு வரி. உங்கப்பனுக்குக் கோபம் வரும். வரட்டும், அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். 200 வருஷம் என்று எழுதினால் எவனும் நம்பாமல் நம்பின மாதிரி தலையாட்டிவிட்டுப் போவான். இதைப் படித்தால் நின்று கேட்பான். கேட்டால் சொல்ல உன்னிடம் விஷயம் இருக்கிறது.

ஓவனில் வைத்து சோடா உப்புப் போட்டு அமெரிக்க மாதிரியும் ஒன்று செய்வேன் என்றாயே, அதையும் செய். அதற்கு அமெரிக்கப் பெயரையே வை.

அடுத்த வாரம் நீ வரும்போது தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு வராதே. கொட்டகுடி ஆற்றுத் தண்ணீரில் பிசைந்து பழகு. போடி நகரத்துப் போர்வெல் தண்ணீருக்கு மாவு வேறு மாதிரி நிற்கும், அதைப் பிறகு பார்க்கலாம். வீட்டில் சொல்லிக் கொல்லையில் கிடக்கிற திருகையின் மேல்கல்லை மட்டும் தூக்கி வெயிலில் வைக்கச் சொல். அச்சுக் கட்டை மக்கிப்போயிருக்கும், ஆசாரியிடம் காட்ட வேண்டும். வருகிற வழியில் போடிச் சந்தையில் இருங்குச் சோளம் கிடைத்தால் இரண்டு படி வாங்கி வா. பழசாக இருந்தாலும் பரவாயில்லை, புழு இருந்தால் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அத்தை